பாடும் ஊரே மேதையை வளர்க்கும்

இங்கிலாந்தின் எந்தச் சிறு நகரத்துக்குப் போனாலும் சேர்ந்திசைச் சங்கத்தின் கச்சேரி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். நகர மன்றத்திலோ தேவாலயத்திலோ மேடையின் பின்வரிசைகளில் எண்பது, நூறு பேர் கையில் இசைப் புத்தகத்தோடு நிற்பார்கள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பணி ஓய்வுபெற்ற செவிலியர்கள் என்று எல்லோரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். பாடுவதற்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சங்கத்துக்கு அவர்கள்தான் சந்தா கட்டுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் அன்றைய மாலைக்கென்று அமர்த்தப்பட்ட தொழில்முறை வாத்தியக் குழுவும் நான்கு தனிப்பாடகர்களும் இருப்பார்கள். நிகழ்ச்சி நிரலில் பாரி, எல்கர், வான் வில்லியம்ஸ் ஆகிய ஆங்கிலேய இசையமைப்பாளர்களின் படைப்புகள். பிறகு வரும் விமர்சனம் வாத்தியக் குழுவையும் தனிப்பாடகர்களையும் விரிவாக அலசிவிட்டுப் பின்வரிசைக்காரர்களைத் தட்டிக்கொடுத்து முடிந்துவிடும். தொழிலாகப் பாடாதவர்கள் என்று பார்த்தால் பரவாயில்லை என்பதே அதன் உட்பொருள். வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதால் வருகிற கருணை இது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஆங்கிலேய இசை எழுந்து நின்றதற்கு அந்தப் பின்வரிசைதான் முதல் காரணம். மேதைகள் எழுதி வைத்ததைச் சாமானியர்கள் எட்டிப் பிடிக்க முயலவில்லை. பாடத் தெரிந்த சாமானியர்கள் ஊருக்கு ஊர் இருந்ததால்தான் மேதைகள் எழுதினார்கள்.

பர்செல் 1695இல் மறைந்த பிறகு எல்கர் வரும்வரை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், ஐரோப்பாவைத் திரும்பிப் பார்க்கவைத்த இசையமைப்பாளர் ஒருவரைக்கூட இங்கிலாந்து தரவில்லை என்பார்கள். ‘இசை இல்லாத நாடு’ என்று ஜெர்மானியர்கள் பழித்தார்கள். எழுதியவர்களை மட்டும் எண்ணினால் அந்தப் பழி ஓரளவு சரி. பாடியவர்களையும் எண்ணினால் நிற்காது. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறிய ஹேண்டல், பிரபுக்களின் இத்தாலிய ஓபராவை விட்டு ஆங்கில மொழியில் ஒராட்டோரியோ (நடிப்பும் அரங்க அமைப்பும் இல்லாமல் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து நிகழ்த்தும் பெரும்படைப்பு) எழுதத் திரும்பியபோது அவருடைய இசை இங்கிலாந்தின் பொதுச் சொத்தாயிற்று. ‘மெசையா’ 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதன்முதலாக ஒலித்தது. கடனுக்காகச் சிறைப்பட்டவர்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டுவதற்காக நடந்த கச்சேரி அது. 1750 முதல் லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகத்துக்காக அது ஆண்டுதோறும் பாடப்பட்டது. குளோஸ்டர், ஹெரிஃபோர்டு, வூஸ்டர் ஆகிய மூன்று தேவாலய நகரங்களின் பாடகர் குழுக்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ‘மூன்று நகர விழா’வாக ஆண்டுதோறும் கூடிப் பாடிவருகின்றன. 1791இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் பெருங்கூட்டம் ஹேண்டலைப் பாடக் கேட்ட ஹைடன், அந்தத் தாக்கத்தோடு வியன்னா திரும்பி ‘படைப்பு’ என்ற ஒராட்டோரியோவை எழுதினார். மெண்டல்சன் ‘எலியா’வை எழுதியது 1846ஆம் ஆண்டின் பர்மிங்காம் விழாவுக்காக. உள்ளூரில் மேதை இல்லாத காலத்தில் வெளியூர் மேதைகளையே எழுதவைத்த கூட்டம் அது.

அந்தக் கூட்டம் தானாகக் கூடிவிடவில்லை. அதற்கு இரண்டு கருவிகள் தேவைப்பட்டன: எளிய குறிமுறை, மலிவான புத்தகம். நாரிச் நகரத்து சாரா குளோவர் குழந்தைகளுக்குப் பாடக் கற்றுத்தர ஒரு முறையை வகுத்திருந்தார். ஜான் கர்வென் என்ற பாதிரியார் அதை எடுத்து 1840களிலிருந்து ‘டானிக் சோல்ஃபா’ என்ற பெயரில் வளர்த்தெடுத்தார். ஐந்து கோடுகளுக்கு நடுவே புள்ளிகளைத் தேடும் சிரமம் இதில் இல்லை. ஸ்வரங்களின் முதல் எழுத்துகளை வரிசையாக அச்சிட்டால் போதும். ‘டோ’ என்ற ஆதார ஸ்வரம் எந்தச் சுருதியிலும் நிற்கும். மற்றவை அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதே பாடம். ஸட்ஜமத்தை எந்தக் கட்டையிலும் வைத்துக்கொண்டு மற்ற ஸ்வரங்களை அதை ஒட்டிப் பிடிக்கப் பழகிய நம்மவர்களுக்கு இதன் வலிமையை விளக்க வேண்டியதில்லை. சாதாரண அச்செழுத்தே போதும் என்பதால் அச்சுக்கூலியும் குறைந்தது. மறுபுறம் நொவெல்லோ பதிப்பகம் ஹேண்டலையும் ஹைடனையும் கைக்கடக்கமான மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டது. பணக்காரர் வீட்டு அலமாரியில் இருந்த இசைப் புத்தகம் ஆலைத் தொழிலாளியின் சட்டைப் பைக்கு வந்தது. யார்க்‌ஷயரின் கம்பளி ஆலை நகரமான ஹடர்ஸ்ஃபீல்டில் 1836இல் ஒரு மதுக்கடையில் கூடிய சிலர் தொடங்கிய சேர்ந்திசைச் சங்கம் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. கோமகன்களின் ஆதரவு இல்லாமல், சந்தாவும் வாராந்தர ஒத்திகையும் மட்டுமே கொண்டு ஒரு கலை நிலைத்து நிற்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால், இன்றைய கச்சேரிகளில் ஒலிக்கும் பெரும்படைப்புகளின் பிறப்புச் சான்றிதழிலேயே பின்வரிசையின் கையெழுத்து இருப்பது தெரியும். எல்கரின் ‘ஜெரான்டியஸின் கனவு’ 1900ஆம் ஆண்டின் பர்மிங்காம் விழாவுக்காக எழுதப்பட்டது. வான் வில்லியம்ஸின் ‘கடல் சிம்பொனி’ 1910இல் லீட்ஸ் விழாவில் அரங்கேறியது. வால்டனின் ‘பெல்ஷாசரின் விருந்து’ 1931இல் அதே விழாவில். எல்கர் வூஸ்டரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தவரின் மகன். எந்த இசைக் கல்லூரியிலும் படித்தவரில்லை. மூன்று நகர விழாவின் வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தும் உள்ளூர்க் குழுக்களை நடத்தியும் தொழில் கற்றவர். வாத்திய இசையும் இந்த வேரிலிருந்து விலகியதல்ல. வான் வில்லியம்ஸ் 1906இல் வெளிவந்த ஆங்கிலத் துதிப்பாடல் தொகுப்புக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்தபோது 16ஆம் நூற்றாண்டு டாலிஸின் மெட்டு ஒன்று அவரைப் பற்றிக்கொண்டது. அதை வைத்துத் தந்திக் கருவிகளுக்கு அவர் எழுதிய கற்பனை 1910 செப்டம்பரில் குளோஸ்டர் தேவாலயத்தில், எல்கரின் ‘ஜெரான்டியஸ்’ பாடப்பட்ட அதே மாலையில் முதன்முதலாக ஒலித்தது. சபையார் பாடுவதற்காகத் தேடியெடுத்த மெட்டு, ஒரு வாய்ப்பாட்டு விழாவின் தேவைக்காக, அந்த நூற்றாண்டின் தலைசிறந்த தந்தி இசைப் படைப்புகளில் ஒன்றாயிற்று. வாய்ப்பாட்டும் வாத்தியமும் கலந்த நிகழ்ச்சியை ஏதோ கதம்பம் என்று நினைப்பவர்கள் இந்த உறவைத் தவறவிடுகிறார்கள்.

பாடுபவர்களின் திறனைப் பார்த்து எழுதுவது படைப்பாளியைச் சிறுமைப்படுத்தாதா என்ற கேள்விக்கும் வான் வில்லியம்ஸின் வாழ்க்கையே பதில். சர்ரி மாவட்டத்தின் டோர்கிங் நகரில் நடக்கும் லீத் ஹில் விழாவை 1905 முதல் 1953 வரை அவர்தான் நடத்தினார். சுற்றுவட்டார ஊர்களின் குழுக்கள் பகலில் ஒன்றோடொன்று போட்டியிடும்; மாலையில் எல்லோரும் சேர்ந்து ஒரே குழுவாகப் பாடுவார்கள். பெரிய குழுக்களும் இருக்கும், நாலு தெரு கொண்ட கிராமத்தின் குழுவும் இருக்கும். விழாவின் வெள்ளிவிழாவை ஒட்டி 1930இல் அவர் மூன்று படைப்புகளை எழுதினார். மூன்றும் குழுக்களின் வெவ்வேறு படித்தரங்களுக்கு ஏற்றவை. வல்லவர்களுக்குக் கடினமானது, இடைநிலையினருக்கு அதற்கேற்றது, எளிய குழுவுக்கு எளியது. மூன்றிலும் இருப்பது அவருடைய குரல்தான். எளியது என்பதற்காக அவர் கைச்சரக்கை மட்டமாகத் தரவில்லை. அதே மனிதர்தான் ஐந்தாண்டுகள் கழித்து, கேட்டவர்களை அதிரவைத்த நான்காம் சிம்பொனியை வெளியிட்டார். கிராமத்துக் குழுவுக்கு எழுதிய கை சிம்பொனி எழுத மறந்துவிடவில்லை. யார் பாடப்போகிறார்கள், அவர்களால் எவ்வளவு உயரம் போக முடியும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று அறிந்து எழுதுவது படைப்பாளிக்கு விலங்கு அல்ல, பயிற்சி.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி ஒன்று உண்டு. சங்கங்கள் விக்டோரியா காலம் முழுக்க இருந்தன; விழாக்கள் புதிய ஒராட்டோரியோக்களைக் கேட்டு வாங்கிக்கொண்டும் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்று தூசி படிந்து கிடக்கின்றன. பாடும் ஊர் மேதையை வளர்க்கும் என்றால் அந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் ஏன் வளர்க்கவில்லை? கேள்வி நியாயமானது. பாடுபவர்கள் ஹேண்டலையும் மெண்டல்சனையும் விட்டு நகர விரும்பவில்லை. எழுதியவர்களும் அந்த இருவரையே திரும்ப எழுதினார்கள். எனவே பாடும் ஊர் மட்டும் போதும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது இல்லாமல் முடியாது என்பதை அதற்குப் பின் நடந்தது காட்டுகிறது. பாரி 1887இல் லண்டன் பாக் குழுவுக்காக மில்டனின் கவிதைக்கு இசையமைத்தபோதும், எல்கர் ‘ஜெரான்டியஸு’க்காக நியூமனின் கவிதையை எடுத்தபோதும், வான் வில்லியம்ஸ் ‘கடல் சிம்பொனி’க்காக விட்மனின் கவிதைகளை எடுத்தபோதும், எட்டுக் குரல்களாகப் பிரிந்து நிற்கக்கூடிய நூற்றுக்கணக்கானோர் தயாராக இருந்தார்கள். அவர்களை ஓர் இசையமைப்பாளரால் ஒரே இரவில் உருவாக்கியிருக்க முடியாது. மறந்துபோன அந்த ஒராட்டோரியோக்கள் வீணாகவில்லை. வருங்காலப் படைப்புக்கான தொண்டைகளைப் பழக்கியது அவைதான்.

இரண்டாவது மறுப்பு தரத்தைப் பற்றியது. ‘ஜெரான்டியஸ்’ பர்மிங்காமில் அரங்கேறியபோது பாடகர் குழு தடுமாறியது, எல்கர் மனமுடைந்தார். ஆர்வலர்களை நம்பினால் இதுதான் கதி என்று சொல்ல இந்த நிகழ்ச்சியைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். நடந்ததை முழுமையாகப் பார்த்தால் வேறு தெரிகிறது. குழுவைப் பழக்கிய ஸ்வின்னர்ட்டன் ஹீப் அந்தக் கோடையில் திடீரென இறந்துபோனார். ஓய்வில் இருந்த முதியவர் ஸ்டாக்லி அந்த இடத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். எல்கர் எழுதி முடிக்கவே ஆகஸ்ட் ஆகிவிட்டது. அரங்கேற்றமோ அக்டோபர் 3. நடத்துனர் ஹான்ஸ் ரிக்டரின் கைக்கு முழு இசைப்பிரதி மிகத் தாமதமாகவே வந்தது. குறை இருந்தது நேரத்தில். ஆர்வலர்கள் என்பதில் இல்லை. மறு ஆண்டு ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் போதிய தயாரிப்போடு பாடப்பட்டபோது அது வெற்றி கண்டது. பிறகு இங்கிலாந்தின் சங்கங்களே அதைத் தம் சொத்தாக்கிக்கொண்டன. ‘ஜெரான்டியஸ்’ முழுமையாக முதன்முதலில் ஒலிப்பதிவானது 1945இல், மால்கம் சார்ஜென்ட்டின் நடத்துகையில். பாடியது அதே ஹடர்ஸ்ஃபீல்டு சேர்ந்திசைச் சங்கம். நூறு பேர் கூடிப் பாடும்போது எழும் ஓசையின் அகலத்தை இருபது தொழில்முறைக் குரல்கள் தர முடியாது. அந்த இருபது பேரின் துல்லியத்தை நூறு பேர் தர முடியாது. இந்தப் படைப்புகள் முன்னதை நினைத்து எழுதப்பட்டவை. அளவுகோலும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு சமூகத்தைப் பற்றியது: இந்தச் சங்கங்கள் பழமையின் கோட்டை, பக்தியும் பேரரசுப் பெருமிதமும் கலந்த நடுத்தர வர்க்கப் பொழுதுபோக்கு என்பார்கள். மறுக்க முடியாத பங்கு இதில் உண்டு. சோஷலிஸ்ட் கூட்டங்களுக்குப் போகிறவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று ஹடர்ஸ்ஃபீல்டு சங்கமே 1842இல் விதி வைத்திருந்தது. கத்தோலிக்க வாசகங்களுக்காக ‘ஜெரான்டியஸ்’ 1902இல் வூஸ்டர் தேவாலயத்தில் சொற்கள் வெட்டப்பட்டே பாடப்பட்டது. ஆனால் விதி போட்டவர்களையும் பாடியவர்களையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. வால்டனின் ‘பெல்ஷாசர்’ தேவாலயத்துக்கு ஒவ்வாதது என்று மூன்று நகர விழா 1957 வரை ஒதுக்கி வைத்தது. லீட்ஸ் நகரத்துக் குழுவோ கால் நூற்றாண்டுக்கு முன்பே அதைப் பாடிவிட்டது. சியரா லியோனைச் சேர்ந்த மருத்துவரின் மகனான சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர், கறுப்பினத்தவர் என்ற ஏளனத்தைத் தாங்கி வளர்ந்தவர். 1898இல் அவர் எழுதிய ‘ஹியாவதாவின் திருமண விருந்து’ நாடெங்கும் சங்கங்களின் செல்லப் படைப்பாயிற்று. அதன் உரிமையை அவர் பதினைந்து கினிக்கு விற்றுவிட்டிருந்ததால் பணம் பதிப்பகத்துக்குப் போனது. 37 வயதில் அவர் இறந்தபோது குடும்பத்தின் நிலை எழுப்பிய ஆதங்கமும் சேர்ந்துதான் 1914இல் இசையமைப்பாளர்களுக்கான உரிமைத்தொகைச் சங்கம் பிறந்தது. 1944இல் மைக்கேல் டிப்பெட்டின் ‘நம் காலத்தின் குழந்தை’ லண்டனில் அரங்கேறியபோது, நாஜிக் கொடுமையைப் பற்றிய அந்தப் படைப்பில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல்களைப் பாடியவர்களில் குண்டுவீச்சுக் காலப் பாதுகாப்புப் பணியாளர்களின் குழுவும் இருந்தது. பழமையை மட்டுமே பாதுகாக்கும் கோட்டையில் இவ்வளவு கதவுகள் இருக்க முடியாது.

இன்றைய நிலை கவலைக்குரியது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் சிதைந்த கவென்ட்ரி தேவாலயம் மீண்டெழுந்தபோது, 1962 மே 30 அன்று பெஞ்சமின் பிரிட்டனின் ‘போர் இரங்கற்பா’ அங்கே அரங்கேறியது. பாடியது அந்த வட்டாரத்து மக்களின் விழாக் குழு; வாசித்தது பர்மிங்காம் நகர சிம்பொனி வாத்தியக் குழு. அதே வாத்தியக் குழுவுக்கான மானியத்தை நிதி நெருக்கடியில் சிக்கிய பர்மிங்காம் மாநகராட்சி 2024இல் பாதியாக்கி, அடுத்த ஆண்டு முழுமையாக நிறுத்த முடிவெடுத்தது. 2023இல் பிபிசி தன் முழுநேரப் பாடகர் குழுவைக் கலைக்கப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அந்த எதிர்ப்பில் சேர்ந்திசைச் சங்கத்தினரும் திரளாக இருந்தார்கள். ஆர்வலர்கள் இருக்கும்போது தொழில்முறைக் கலைஞர்கள் எதற்கு என்று கணக்குப் போடும் நிர்வாகிகள் இதை அறிய வேண்டும்: சங்கங்கள் சந்தாப் பணத்திலிருந்து வாத்தியக் கலைஞர்களுக்குக் கூலி கொடுக்கின்றன, தொழில்முறைக் கலைஞர்கள் சங்கங்களுக்குத் தரத்தைக் கற்றுத்தருகிறார்கள். ஒன்றை வெட்டினால் மற்றதும் வாடும். எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்ற கேள்வி வந்தால், பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடக் கற்றுத்தரும் இடத்தில்தான் தொடங்க வேண்டும். அங்கே விட்டுப்போன தலைமுறையைப் பின்னால் எந்த மானியத்தாலும் மீட்க முடியாது.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் மேற்கத்திய சேர்ந்திசையைச் சென்னையில் இன்றும் பாடிவருகிறது. தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு சோல்ஃபா குறிமுறை புதிதல்ல. திரையிசைக் கலைஞர்களின் தொழிற்சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான எம்.பி. ஸ்ரீனிவாசன், மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி இந்திய மொழிப் பாடல்களைப் பல குரல் இசையாகப் பாடவைத்தார். இவை அருமையான முயற்சிகள். ஆனாலும் நம் பொதுப்புத்தியில் இசை என்றால் மேடையில் ஒரு வித்வான், கீழே ரசிகர்கள் என்பதே. இளையராஜா 2005இல் திருவாசகத்தை ஒராட்டோரியோவாகத் தந்தார்; புடாபெஸ்ட் வாத்தியக் குழு வாசித்தது. தமிழர்கள் அதை வாங்கினார்கள், கேட்டார்கள், பெருமைப்பட்டார்கள். இங்கிலாந்தில் ‘மெசையா’வை ஊர்ச் சங்கங்கள் தாமே பாடுவதைப்போல மதுரையிலோ தஞ்சாவூரிலோ ஊரார் கூடி அதைப் பாடும் வழக்கம் ஏற்படவில்லை. குறை படைப்பில் இல்லை. பாடுவதற்கு ஆள் சேர்க்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஆங்கிலேயரிடமிருந்து எல்கரை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. மலிவுப் புத்தகம், எளிய குறிமுறை, வாரம் ஒரு மாலை ஒத்திகை, பாடுபவர்களின் திறனறிந்து எழுதும் இசையமைப்பாளர் ஆகிய நான்கும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு அவர்களுடைய அனுபவம் சாட்சி. தேவாரமும் பாரதியும் வைத்திருக்கும் மொழிக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கேட்டுத் தலையாட்டும் சமூகம் நல்ல கலைஞர்களைக் கொண்டாடும். அடுத்த கலைஞன் எழுதுவதற்கான காரணத்தைப் பாடும் சமூகம்தான் தரும்.